வேளைக்கு இரண்டு ஸ்பூன்

காதோரம் நரைத்தாயிற்று, முன்மண்டை வெளுத்தாயிற்று, மகள் வெளியூர் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். என்ன ஆகி என்ன, மாமனார் இருக்கிறவரை மாப்பிள்ளை மாப்பிள்ளைதான். நாமும் அவரை அப்படியே கூப்பிட்டுவிடுவோம். மரியாதை குறையாது.

மாப்பிள்ளைக்கு மெத்தைக் கடையில் உத்தியோகம். மூன்று மாடிக் கடையில் இரண்டாவது மாடி முழுக்க அவர் ராஜ்ஜியம். வருகிறவர்களை ஷூவோடு படுக்கச் சொல்வார், கால்மாட்டில் பிளாஸ்டிக் விரித்திருக்கும். "முதல்ல மிருதுவா ஏத்துக்கும் சார். அப்புறம் கீழ ஒரு தாங்கு வரும் பாருங்க. கடைசியில முதுகுக்கு ஒரு நிம்மதி" என்று அவர் சொல்லச் சொல்ல, படுத்திருப்பவருக்கு நிஜமாகவே கண் சொக்கும். பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தப் பேச்சுக்குத்தான் ஒரு வருஷம் முதலாளி பரிசு கொடுத்தார். கடிகாரமோ கேடயமோ கொடுத்துத் தொலைத்திருக்கலாம். மனுஷர் ஒரு சிங்கிள் மால்ட் விஸ்கி பாட்டிலைக் கொடுத்துவிட்டார்.

அதுவரை மாப்பிள்ளை அந்தப் பக்கமே போனவர் இல்லை. தூக்கிப்போட மனசு வராமல் வைத்திருந்தார். பிறகு அட்டையில் எழுதியிருந்ததைப் படித்தார். ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து வடித்து, மரப் பீப்பாயில் பன்னிரண்டு வருஷம் தூங்க வைத்தது என்று போட்டிருந்தது. தூக்கம் என்ற சொல்லைப் பார்த்ததும் மெத்தைக்காரர் விழுந்துவிட்டார். தூங்கத் தூங்க விலை ஏறுகிற சங்கதி ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஆறு வருஷத்தில் பதினாலு பாட்டில் சேர்ந்தன. ஒன்று வாங்கக் கடைக்குப் போனால் பெண் பார்க்கப் போன மாதிரிதான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். கழுத்தில் எதுவரை நிற்கிறது என்று குனிந்து பார்ப்பார். "இது எந்தப் பீப்பாய்ல இருந்தது? முன்னாடி அதுல என்ன வச்சிருந்தாங்க?" என்பார். "சார், பின்னாடி பத்துப் பேர் நிக்கிறாங்க. வாங்கறதுன்னா வாங்குங்க, சம்பந்தம் பேசாதீங்க" என்று கடைக்காரர் ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

குடிகாரர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. குடிகாரனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? சனிக்கிழமை சாயங்காலம் மட்டும், ஒரே ஒரு சின்னக் கிளாஸ். அதையும் உடனே குடித்துவிட்டால் குற்றம். சுழற்ற வேண்டும், நிறம் பார்க்க வேண்டும், மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூட வேண்டும். "முதல்ல பழைய தோல் பை. அப்புறம் மழையில நனைஞ்ச கயிறு. அதுக்குப் பின்னால ஒரு கப்பல் தெரியுது" என்பார்.

"கப்பல் போயிடுச்சுன்னா கிளாஸைக் கழுவப் போடுங்க" என்பாள் மனைவி.

அவளுக்கு அந்தக் கிளாஸ்மேல் கோபம் இல்லை. அவள் பயமெல்லாம் வேறு. பெண் பார்க்க வந்த காலத்தில் அவள் அப்பா சம்பளம் கேட்கவில்லை, சொத்து கேட்கவில்லை. "பையன் குடிப்பானா?" என்று ஒன்றுதான் கேட்டார். ஆஸ்பத்திரியில் நாற்பது வருஷம் மருந்து கலந்த கம்பவுண்டர் அவர். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தவருடைய சொந்தத் தம்பி குடித்தே செத்தான், அவர் மடியிலேயே செத்தான். அதிலிருந்து குடிக்கிறவன் நிழல்கூட அவருக்கு ஆகாது. அன்றைக்கு இவள்தான் நாலு இடத்தில் விசாரித்துவிட்டு அப்பா எதிரில் போய் நின்றாள். "ஒரு சொட்டு தொட மாட்டார்ப்பா. என் வார்த்தையை நம்புங்க" என்றாள். அப்போது அது சத்தியமாக உண்மை. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கல்யாணமே நடந்தது.

இப்போது அந்த அப்பா இங்கேயே வரப்போகிறார். மாமியார் போய் வருஷமாகிவிட்டது, தனியாக இருந்து உடம்பு இளைத்துவிட்டது, இனி மகள் வீட்டில்தான் என்று முடிவாகிவிட்டது.

"எல்லாத்தையும் அப்புறப்படுத்துங்க. அப்பா கண்ணுல ஒண்ணு பட்டுச்சு, அப்புறம் நான் அவர் முகத்துல முழிக்க முடியாது. அவர் கேட்டா நான் என்ன சொல்லுவேன், சொல்லுங்க?" என்று கெஞ்சினாள் மனைவி.

மாப்பிள்ளைக்கும் பெண்டாட்டிமேல் பிரியம் உண்டு. ஆனால் பதினாலு பாட்டிலைக் கொட்டச் சொன்னால் எப்படி? பாதி காலியான பாட்டிலில் காற்று புகுந்து சரக்கு கெடும், சின்னப் பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி வைத்தால் கெடாது, வெளிச்சம் ஆகாது, பழுப்புக் கண்ணாடி என்றால் உத்தமம் என்று எங்கேயோ படித்திருந்தார். ஆகக் கொட்டவும் வேண்டாம், கெடவும் கெடாது, கண்ணிலும் படாது. மருந்துக் கடைகளுக்குச் சப்ளை செய்கிறவரிடமிருந்து ஒரு பெட்டி பழுப்புப் பாட்டில் வாங்கி வந்து, வெந்நீரில் கழுவிக் காயவைத்து, புனல் வைத்து ஊற்றினார்.

"பெத்த பொண்ணுக்குப் பால் பாட்டில் ஒருநாள் கழுவியிருப்பீங்களா இப்படி?" என்று கேட்டுவிட்டுப் போனாள் மனைவி.

எது எது என்று தெரிய வேண்டுமே, வெள்ளைச் சீட்டு ஒட்டினார். புகை வாசனைச் சரக்குக்குப் 'பு-16'. இனிப்பாக இருப்பதற்கு 'இ-18'. அவர் உயிரையே வைத்திருந்த இருபத்தைந்து வருஷத்துச் சரக்குக்கு 'உ-25'. அதை ஐம்பதாவது பிறந்தநாளன்று திறப்பதாக இருந்தார்; அது பெரிய பாட்டிலாக இருந்ததால் இரண்டு சின்னப் பாட்டிலாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் குண்டு குண்டாக எழுதினார்: 'வெளிச்சம் படாமல் வைக்கவும். குலுக்கக் கூடாது.' எல்லாவற்றையும் செருப்பு அலமாரியில் மேல் தட்டில் அடுக்கினார். காலி பாட்டிலும் அட்டைப் பெட்டியும் கடைக்குப் போய், இரண்டாவது மாடியில் விலை அதிகமான கட்டிலின் இழுப்பறைக்குள் படுத்துக்கொண்டன.

கவனியுங்கள். பழுப்புப் பாட்டில், வெள்ளைச் சீட்டு, வெளிச்சம் படாமல் வைக்கவும். வரப்போகிறவர் யார்? கம்பவுண்டர். கள்ளச் சாவியைச் செய்து திருடன் கையிலேயே கொடுத்த மாதிரி ஒரு புத்திசாலித்தனம்!

மாமனார் வந்தார். விடுதிக்குப் போன பேத்தியின் அறையைக் கொடுத்தார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, கோடு போட்ட அளவு கிளாஸ், ஓயாத இருமல், இவ்வளவுதான் அவர் சொத்து. ரத்த அழுத்த மாத்திரையை வேளை தவறாமல் போடுவார். ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அடுத்த வாரம், நடக்கப் போகச் செருப்பு எடுக்க வந்தவர் மேல் தட்டைப் பார்த்துவிட்டார்.

மாப்பிள்ளை குளித்துவிட்டு வரும்போது மாமனார் ஹாலில் உட்கார்ந்து, 'பு-16'-ஐத் திறந்து மூக்கருகே வைத்திருந்தார். மாப்பிள்ளைக்குத் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் ஆகிவிட்டது. துண்டோடு அப்படியே நின்றார்.

"டிஞ்சர் வாசனை, தார் வாசனை, பழைய ஆஸ்பத்திரி வாசனை" என்றார் மாமனார், கண்ணை மூடிக்கொண்டு. "இந்தக் காலத்துல இப்படி மருந்து எங்க கிடைக்குது? யார் குடுத்தா மாப்பிள்ளை?"

நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிற வாய், வேண்டிய நேரத்தில் கைவிட்டது. சமையலறையிலிருந்து ஓடிவந்த மனைவிதான் சமாளித்தாள்.

"அவருக்கு நெஞ்சுல சளிப்பா. ஒரு வைத்தியர் கொடுத்தது."

"அப்படியா?" மாமனார் மகளையே ஒரு நிமிஷம் பார்த்தார். "மருந்தைச் செருப்போட வச்சா வைப்பாங்க? என் அறைக்குக் கொண்டாங்க. நான் பார்த்துக்கறேன்."

அன்றைக்கே அத்தனை பாட்டிலும் அவர் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டன. சாவி தாயத்து மாதிரி அவர் கழுத்தில் தொங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனவருக்குக் கடைசியில் சோறும் இல்லை, பூசணிக்காயும் இல்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் தேவலை. சாயங்காலமானதும் மாமனார் குரல் கொடுத்தார். "மாப்பிள்ளை, மருந்து வேளை!"

வெந்நீர், தேன், அதில் இரண்டு ஸ்பூன் 'பு-16'. பதினாறு வருஷம் பீப்பாயில் தவம் கிடந்த சரக்கு, எவர்சில்வர் டம்ளரில் தேனோடு மிதந்தது. மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் டம்ளரை மெல்லச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனார்.

"மோந்து பார்த்தா மருந்து உள்ள போகாது. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கு! சின்னப் பிள்ளையா நீங்க?"

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்காகக் குடித்தார் மாப்பிள்ளை. கண்ணில் நீர் வந்தது. "காரமா இருக்கும். அதுதான் மருந்து" என்று மாமனார் முதுகைத் தட்டிக் கொடுத்தார். தானும் இரண்டு ஸ்பூன் எடுத்துக்கொண்டார். அன்று ராத்திரி இருமல் இல்லாமல் தூங்கினார். மருந்தின்மேல் அவருக்குப் பக்தியே வந்துவிட்டது.

கம்பவுண்டர் கையில் மருந்து இருந்தால் சும்மா இருக்குமா? கட்டடத்துக் காவலாளிக்கு முழங்கால் வலி என்றார்கள். 'இ-18'-ஐ உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துவிட்டார். பதினெட்டு வருஷத்துச் சரக்கு ஒரு முழங்காலுக்குள் இறங்குவதை மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்தார். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதேதான். தேங்காய்க்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க வேண்டியிருந்தது என்பதுதான் கூடுதல் கொடுமை.

எதிர்வீட்டில் ஒரு வங்கிக்காரர், ஓய்வு பெற்றவர். தும்மினார் என்று ஒரு ஸ்பூன் கொடுத்தார் மாமனார். வாயில் விட்டதும் வங்கிக்காரரின் கண் அகன்றது. மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்து ஒரு புன்னகை செய்தார். பாவி, அந்தப் புன்னகையிலேயே எல்லாம் தெரிந்தது. மறுநாளிலிருந்து அவருக்குத் தீராத இருமல். அவர் சொல்லி மாடிவீட்டுக்காரருக்கு இருமல். அந்த வார முடிவில் கட்டடமே இருமியது. சாயங்காலம் வாசலில் வரிசை நின்றது, ஒவ்வொருவர் கையிலும் சொந்த ஸ்பூன்.

"ஊர்ல ஏதோ சளி பரவுது" என்றார் மாமனார் கவலையோடு.

உச்சகட்டம் பாட்டு டீச்சரால் வந்தது. மூன்றாவது மாடியில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற அம்மாள், தொண்டை கட்டிக்கொண்டது என்று வந்து நின்றாள். மாமனார் பெட்டிக்குள் கையை விட்டுத் தடவி ஒரு பாட்டிலை எடுத்தார். 'உ-25'.

"மாமா, அது வேண்டாம்!" மாப்பிள்ளை தன்னையறியாமல் கத்திவிட்டார்.

"ஏன்?"

ஏன் என்று எப்படிச் சொல்வது? கதவோரத்தில் மனைவி நின்று கண்ணாலேயே கெஞ்சினாள். "அது... ரொம்ப பழசு மாமா" என்றார்.

"பழசுதான் வீரியம்" என்று சொல்லிவிட்டுத் தாராளமாக ஊற்றினார் மாமனார். டீச்சர் தலையை அண்ணாந்து, கொடகொடவென்று நீளமாகக் கொப்பளித்து, வாஷ்பேசினில் துப்பினாள்.

"நல்லா இருக்கே! முதல்ல வெண்ணெய் மாதிரி, நடுவுல ஏதோ காய்ஞ்ச பழம், கடைசில லேசா சந்தனக்கட்டை" என்று சொல்லிவிட்டு, இன்னொரு வாய் வாங்கி அதையும் கொப்பளித்துத் துப்பினாள்.

குழாயைத் திறந்து விட்டதும் இருபத்தைந்து வருஷம் சுழித்துக்கொண்டு ஓட்டைக்குள் போனது. அந்தம்மா சொன்னது அத்தனையும் சரியாக வேறு இருந்தது. கப்பல் தெரிகிறது கயிறு தெரிகிறது என்று ஆறு வருஷம் அளந்துவிட்டவருக்கு அதுதான் ஆறவே இல்லை.

"பிறந்தநாளுக்குன்னு வச்சிருந்தேன்டி" என்று உள்ளறையில் மனைவியிடம் புலம்பினார்.

"உங்களுக்குப் பாட்டில் போச்சு. எனக்கு எங்கப்பாகிட்ட வார்த்தை போயிடும்ங்க. எது பெரிசு?" என்றாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மாப்பிள்ளைதான் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்தார். முகம் வெளுத்து வேர்த்திருந்தது. மனைவி தெருமுனை டாக்டரம்மாவைக் கையோடு கூட்டிவந்தாள்.

டாக்டரம்மா நாடி பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "ரொம்ப இறங்கியிருக்கு. ப்ரெஷர் மாத்திரையைத் தவிர வேற ஏதாவது சாப்பிடறாரா? டானிக், நாட்டு மருந்து, ஏதாவது? மறைக்காம சொல்லுங்க."

"ஒரு இருமல் மருந்து..." என்றாள் மனைவி.

"எங்க, கொண்டாங்க."

தலைமாட்டில் 'பு-16' இருந்தது. டாக்டரம்மா கையில் எடுத்துச் சீட்டைப் படித்தாள். மூடியில் கையை வைத்தாள்.

வாழ்நாளில் அப்படி ஒரு பயம் மாப்பிள்ளைக்கு வந்ததில்லை. நம்ம அலமாரிப் பெருமை ஒரு மனுஷனைப் படுக்க வைத்துவிட்டதே, இவருக்கு ஏதாவது ஆனால் நான் எந்த முகத்தோடு இருப்பேன்? சொன்னால் பெண்டாட்டியின் வார்த்தை போகும். சொல்லாவிட்டால் அவள் அப்பாவே போய்விடலாம். மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். சொல்லுங்க என்று தலையை அசைத்தாள்.

"டாக்டர், அது மருந்தில்ல" என்றார் மாப்பிள்ளை. "தப்பு முழுக்க என்னோடது. இவளுக்கு ஒண்ணுமே..."

"மாப்பிள்ளை, சும்மா இருங்க." கட்டிலிலிருந்து குரல் வந்தது. மெலிந்த குரல், ஆனால் கம்பவுண்டர் குரல். "மருந்தைப் பத்தி நான்தான் பேசணும். மெத்தையைப் பத்திக் கேட்டா நீங்க பேசுங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எழுதிக்கோம்மா" என்றார் டாக்டரம்மாவிடம். "நூத்துக்கு நாப்பத்தாறு பங்கு ஆல்கஹால். மிச்சம் தண்ணி. மரத்துல ஊறினதால கொஞ்சம் நிறம். பார்லிச் சத்து. வேற கெடுதல் ஒண்ணும் இல்ல. தினம் ரெண்டு ஸ்பூன். நேத்து மட்டும் நாலு."

"நேத்து இருமல் ஜாஸ்தியா?"

"இல்ல. சும்மாதான்."

டாக்டரம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள், பெரியவரைப் பார்த்தாள், வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தாள். நாலு வீடு பார்த்தவள்தானே, ஒன்றும் கேட்கவில்லை. "ஐயா, இந்த... மருந்து உங்க மாத்திரையோட ஒத்துக்காது. இன்னையோட நிறுத்திடணும். காலை நீட்டிப் படுங்க, தண்ணி நிறைய குடிங்க, காலையில வந்து பார்க்கறேன்" என்றாள்.

"நிறுத்திட்டேன்" என்றார் மாமனார். பிறகு மகளைக் கூப்பிட்டார். "பயந்துட்டியாம்மா? டானிக்னா அதெல்லாம் இருக்கும். உன் வீட்டுக்காரர் ஒரு சொட்டு தொடாதவர், அவருக்கு எப்படி இது தெரியும்? நீதான் அன்னைக்கே சொன்னியே."

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அவள் அழுகிறாள் என்பது குழாய்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மாப்பிள்ளை கட்டிலோரம் அசையாமல் நின்றார். நாற்பத்தாறு என்று சீட்டில் அவர் எழுதவே இல்லை. எழுதியிருந்த அட்டைப் பெட்டி கடைக் கட்டிலின் இழுப்பறையில் கிடக்கிறது. வருஷக்கணக்கில் ஸ்பிரிட் அளந்த மூக்கு. மூடியைத் திறந்த முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் மகளை ஒரு நிமிஷம் பார்த்தார், தெரிந்துகொண்டேதான் மூக்கைப் பிடிக்கச் சொன்னார். அடப்பாவி மனுஷா, அப்படியானால் 'உ-25'-ஐக் கொப்பளிக்கக் கொடுத்ததும் தெரிந்தேதானே!

இரண்டு நாளில் மாமனார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டு வங்கிக்காரர் ஸ்பூனோடு வந்தார். "மருந்து தீர்ந்து போச்சு. கஷாயம் வச்சுத் தரட்டுமா?" என்று கேட்டார் மாமனார். வங்கிக்காரரின் இருமல் அந்த இடத்திலேயே குணமாகிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் குரல் வந்தது. "மாப்பிள்ளை, மருந்து வேளை."

உள்ளே போனால் டம்ளர் இல்லை, தேன் இல்லை, வெந்நீர் இல்லை. கோடு போட்ட அளவு கிளாஸை விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மாமனார் ஊற்றிக்கொண்டிருந்தார். மறு கையில் இரண்டாவது 'உ-25' இருந்தது. அதை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனிதர்மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. "மாமா, நான்..." என்று ஆரம்பித்தார்.

"உட்காருங்க" என்றார் மாமனார், கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஊருக்கெல்லாம் அளந்து குடுத்தேன் மாப்பிள்ளை. என் தம்பியை மட்டும் திட்டினேன், அடிச்சேன், வீட்டை விட்டுத் துரத்தினேன். அளந்து குடுக்க எனக்குத் தோணலை." பாட்டிலை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். "இந்த வீட்டுல இனிமே என் கையால அளந்துதான் வரும். சம்மதமா?"

"சம்மதம் மாமா."

கிளாஸ் கோட்டுக்குச் சரியாக நிறைந்தது. ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாப்பிள்ளை அதை வாங்கினார். ஆறு வாரப் பழக்கம், இடது கை தானாக மூக்கைப் பிடிக்கப் போனது.

மாமனார் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "இன்னைக்கு மூக்கைப் பிடிக்க வேண்டாம். மெதுவாக் குடிங்க." பிறகு குனிந்து, கிளாஸின் விளிம்பில் தன் மூக்கை வைத்து ஒருமுறை நன்றாக இழுத்தார். "டாக்டரம்மா குடிக்கத்தானே வேண்டாம்னா?"

"அப்பா, அவருக்கு மருந்து குடுத்தாச்சா?" என்று சமையலறையிலிருந்து மகள் கேட்டாள்.

"குடுத்துட்டேம்மா" என்றார் அவர். "குடிச்சிட்டிருக்கார்."